மைக்கில் வந்த பூசைக் கருத்து

அத்தியாயம் 14

ஜோவிதா வேறு வேலை தேடுகிறாள் என்பது அந்த மைசூர் வீட்டில் மாமனார் மரியராஜ் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ஜோவிதாவுக்கே தெரியாது.

போன வாரம் லேண்ட்லைன் அடித்தபோது அவர்தான் எடுத்தார். "ஜோவிதா மேடத்துக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ. மெயில் போட்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஒரு பெண் வைத்துவிட்டாள். எந்த இடம், என்ன வேலை என்று கேட்க அவர் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. மருமகளிடம் இதை அவர் சொல்லவில்லை. மறைப்பவளிடம் போய், நீ மறைப்பது எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

ரயில்வே பட்டறையில் சேர்ந்து, அதே பட்டறையில் ஓய்வு பெற்றவர் மரியராஜ். வேலை மாறுவது என்பது அவர் காலத்தில் வீடு மாறுவதைவிடப் பெரிய காரியம். ஆனாலும் ஜோவிதாவின் விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் புரிந்துகொண்டார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருபவள் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்துவாள். நிறுத்தியும் இறங்க மாட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அணைந்த வண்டியின் மேல் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போல இறங்கி, ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வருவாள்.

இத்தனைக்கும் அவள் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் ஊழியர் நல அதிகாரி. மற்றவர்கள் மனம் வாடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்த வேலையை நம்பித்தான் அவள் கணவன் கார்ல் குவைத்தை விட்டுத் திரும்பி வந்து, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தான். அவளை அந்தக் கம்பெனிக்குள் கொண்டுபோனவள் ரெபேக்கா. அவளுடைய மேலதிகாரி, இவர்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவள், பேத்தி ஜேனுக்கு ஞானத்தாய். யாரிடம் சொல்வாள், பாவம்?

அதனால் மனிதர்களிடம் சொல்ல முடியாததைக் கடவுளிடம் சொல்லிவிடலாம் என்று மரியராஜ் முடிவு செய்தார். கோயில் அலுவலகத்துக்குப் போய், ஞாயிறு பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வதற்கான பூசைக் கருத்து கொடுத்தார்.

இதில் ஒரு பழக்கம் உண்டு. இதுவரை அங்கே உட்கார்ந்திருந்த பழைய உபதேசியாரிடம் நாம் எதை வேண்டுமானாலும் விவரமாகச் சொல்லலாம். குடிகார மகன், கோர்ட்டுக் கேஸ், கல்யாணம் ஆகாத பெண் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கடைசியில் 'குடும்பக் கருத்துக்காக' என்று இரண்டே சொல்லில் எழுதிக்கொள்வார். அந்தத் தைரியத்தில்தான் பங்கே அவரிடம் மனம் திறந்தது. அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது அந்த நாற்காலியில் ரயான் இருந்தான். சுறுசுறுப்பான பையன். சொன்னதை எல்லாம் கைபேசியில் அப்படியே தட்டிக்கொண்டான்.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. மார்கழிக் குளிர் போகாத ஜனவரி. பாதிப் பேர் ஸ்வெட்டரில் இருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டுக்கு முன்னால் ரெபேக்கா. நான்காவது வரிசையில் மரியராஜ், நடுவில் ஜேன், ஓரத்தில் ஜோவிதா. நைட் டியூட்டி முடித்து வந்த கார்ல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ரயான் மைக் முன் வந்து தொண்டையைச் செருமினான்.

"இன்றைய திருப்பலிக் கருத்துகள். இறந்த சூசையம்மாள் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய, பிள்ளைகள். முழங்கால் வலி குணமானதற்கு நன்றியாக, ஒரு குடும்பத்தார். ஜோவிதா தற்போதைய வேலையின் பாரத்திலிருந்து விடுதலை பெறவும், நாளை திங்கட்கிழமை நடக்கும் இன்டர்வியூவில் வென்று புதிய வேலை அடையவும், மாமனார் மரியராஜ்."

மரியராஜ், சூசையம்மாளின் இடத்தில் தான் இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.

"அம்மா, நின் ஹெசரு! உன் பேரு!" என்று ஜேன் கன்னடமும் தமிழுமாகக் கூவினாள். முன் வரிசைத் தலைகள் அத்தனையும் திரும்பின. ஜோவிதா அசையவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

ரெபேக்கா வருகைப் பாடலை ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட வேகமாக வாசித்தாள். பாடகர்கள் மூச்சிறைக்கப் பின்னால் ஓடினார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே கூட்டம்.

"என்ன ஜோவிதா, எந்தக் கம்பெனி? பெங்களூரா?"

"நம்ம பையன் பயோடேட்டாவையும் அப்படியே குடுத்திரும்மா. சும்னே வீட்ல உக்காந்திருக்கான்."

"மரியராஜண்ணே, மாமனார்னா உங்கள மாதிரி இருக்கணும். எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே!"

மரியராஜ் ரயானைத் தேடிப் பிடித்தார். "ஏம்ப்பா, குடும்பக் கருத்துன்னு போட மாட்டியா?"

"நீங்க குடும்பக் கருத்துன்னு சொல்லவே இல்லையே அங்கிள்!" அவன் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. "நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை விடல நான். நல்லா வாசிச்சனா?"

அவனை என்ன செய்வது? "நல்லா வாசிச்சப்பா" என்றார்.

ரெபேக்கா அவர்களைக் கடந்து காருக்குப் போனாள். ஜேனின் கன்னத்தை மட்டும் தட்டினாள். ஜோவிதாவைப் பார்க்கவில்லை.

அக்ரஹாரத்தை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. ஜோவிதா ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கேட்டைத் திறக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டாள்.

"எப்படித் தெரியும் மாமா?"

"போன் வந்துச்சும்மா. நான் எடுத்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாமே."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கார்லுக்கே தெரியாது மாமா. கெடச்சா சொல்லலாம்னு இருந்தேன். கெடைக்கலன்னா சொல்லாமலே விட்டுரலாம்னு." ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அந்த வேலைய நம்பித்தானே அவரு குவைத்த விட்டாரு. எனக்கு அதுல மனசே இல்லைன்னு எந்த வாயால சொல்றது? இப்ப ரெபேக்காக்கா நாளைக்கே என்னைக் கூப்பிட்டு, கெளம்புற ஆளுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டா? புது வேலை இன்னும் கெடைக்கவே இல்ல. ரெண்டுங்கெட்டான் ஆயிருவேன்."

உள்ளே கார்ல் தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தான். சில மாதங்களாகவே அப்படித்தான். காதில் இயர்போன், வாயில் புரியாத பாஷை. கூட வேலை பார்க்கும் கேரளத்து நர்ஸ்களிடம் மலையாளம் கற்கிறான் போல என்று மரியராஜ் நினைத்திருந்தார்.

"கறி வாங்கிட்டு வந்துர்றேம்மா" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கறிக்கடை இடது பக்கம். அவர் வண்டியை விஜயநகர் பக்கம் திருப்பினார்.

ரெபேக்கா வீட்டு வராந்தாவில் கீழே உட்கார்ந்து பிதுக்கம்பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஊறவைத்த அவரைக் கொட்டையை இரண்டு விரலில் பிடித்து அழுத்தினால் தோல் கையில் தங்கிப் பருப்பு துள்ளி விழும். சீசன் வந்தால் மைசூரில் எல்லா வீட்டிலும் இந்த வேலைதான்.

"வாங்க அங்கிள்" என்றாள். எழுந்திருக்கவில்லை.

மரியராஜ் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருக்கத் தெரியாத கை. தட்டிலிருந்து நாலு கொட்டையை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தார்.

"தப்பு என்னோடதும்மா. அந்தப் பொண்ணு மேல கோபப்படாத. நீ நெனக்கிற மாதிரி..."

"நாளைக்கு அவ எதுக்கு லீவு போட்டிருக்கா தெரியுமா அங்கிள்?"

"எதுக்கு?"

"உங்களுக்குக் கண்ணு ஆபரேஷன்."

மரியராஜின் விரலிலிருந்து ஒரு பருப்பு துள்ளி ரெபேக்காவின் மடியில் விழுந்தது. காலையில்தான் பூசையில் நற்கருணை வாங்கிய நாக்கு. பொய் சொல்லக் கூடாது. அதே சமயம், மருமகள்.

"ஆமாம்மா" என்றார். "சின்ன ஆபரேஷன்தான்."

"எந்தக் கண்ணு?"

"வலது... ரெண்டும்னே வெச்சுக்கயேன்."

ரெபேக்கா அவர் பக்கத்திலிருந்த சின்னக் குவியலைக் காட்டினாள். பேச்சுவாக்கில் அவர் ஊசி முனையளவு புழுத் துளை இருந்த கொட்டைகளை எல்லாம் பொறுக்கி ஒதுக்கி வைத்திருந்தார்.

"கண்ணாடி போட்டும் இதெல்லாம் எனக்குத் தெரியல அங்கிள். இதுவா நாளைக்கு ஆபரேஷன் பண்ற கண்ணு?"

அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த ஈரம் மட்டும் இல்லை என்பது மரியராஜுக்குத் தெரிந்தது.

"போறான்னு கோபம் இல்ல. மைக்ல கேட்டேன் பாருங்க, அதுதான். அவ பொண்ணைக் கையில ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நின்னவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை."

"உன்கிட்ட சொல்லத்தாம்மா அவளுக்குக் கஷ்டம். வேலை வாங்கிக் குடுத்தவகிட்டயே அது வேண்டாம்னு எப்படிச் சொல்வா?"

ரெபேக்கா தோல்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"புதன்கிழமை புதன்கிழமை எல்லாருக்கும் ஒரு மெயில் போடுவா. மனசை எப்படிப் பாத்துக்கணும், எப்படித் தூங்கணும்னு. அழகா எழுதுவா. இப்ப கொஞ்ச மாசமா போன வருஷம் எழுதினதையே திருப்பித் திருப்பி அனுப்பறா. தேதிய மட்டும் மாத்தி. ஆயிரம் பேருக்குப் போகுது. ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

"நீ கண்டுபிடிச்சிட்டியே."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணேன்? மாசா மாசம் ஒரு சர்வே வைக்கிறோம். அஞ்சு மூஞ்சி இருக்கும். அழற மூஞ்சியிலேர்ந்து சிரிக்கிற மூஞ்சி வரைக்கும். அவ எப்பவும் சிரிக்கிற மூஞ்சியத்தான் தொடுவா. நானும் சரின்னு விட்டுட்டேன். அந்த மூஞ்சிய எனக்குத் தெரியாதா?"

மரியராஜ் அவளிடம் கேட்டுக்கு வெளியே நிற்கும் ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னார். ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். ரெபேக்காவின் கை நின்றுவிட்டது.

"நாளைக்கு அவளை ஒண்ணும் பண்ணிடாத தாயி" என்றார்.

"லீவு குடுத்தது குடுத்ததுதான். உங்க கண்ணுக்காக." எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவுடன் வந்தாள். பிதுக்கிய பருப்பில் பாதியை அதில் அள்ளிப் போட்டாள். "ஆனா அந்தப் புது இடத்துலேர்ந்து என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க அங்கிள், ஆள் எப்படின்னு. நான் உண்மையத்தான் சொல்வேன்."

"என்ன உண்மை?"

"கொஞ்ச மாசமா அவ மனசு எங்ககிட்ட இல்லங்கிறது. அதுக்கு முன்னாடி அவளை மாதிரி ஒருத்தி எங்களுக்குக் கெடைக்கலங்கிறது. ரெண்டையும் சொல்வேன். அதுக்குள்ள அவளே என்கிட்ட வந்து பேசினா, எதை முதல்ல சொல்லலாம்னு யோசிக்கிறேன்."

கறி வாங்க மறந்து, பருப்பு டப்பாவுடன் மரியராஜ் வீடு திரும்பினார்.

கார்ல் எழுந்துவிட்டிருந்தான். எழுப்பியது கைபேசி. பங்கு வாட்ஸ்அப் குழுவில் 'வாழ்த்துகள் ஜோவிதா' என்று வரிசையாகக் கைகூப்பிய படங்கள். தலைமுடி கலைந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஜோவிதா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஊருக்கே தெரியுது. புருஷனுக்குத் தெரியல" என்றான். குரல் உயரவில்லை.

மரியராஜ் வாசலிலேயே நின்றார். "அவளைச் சொல்லாதடா. நான்தான்..."

"இருங்க மாமா. நான் சொல்றேன்." ஜோவிதா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "தீபாவளிக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு பொண்ணு என்கிட்ட வந்து அழுதா. தூக்கமே வரல மேடம்னா. நான் ஹெல்ப்லைன் நம்பர் குடுத்தேன். சிஸ்டத்துல, பிரச்சனை தீர்ந்ததுன்னு போட்டேன். அப்படித்தான் போடணும். அடுத்த வாரம் அவ வேலைய விட்டுட்டா. எங்க போனாளோ. அவ பேரை நெனச்சுப் பாத்தேன், வரல. அவ்ளோ நேரம் எதிர்ல உக்காந்து அழுதவ பேரு எனக்கு வரலீங்க."

அடுத்த அறையில் ஜேன் தனக்குத்தானே கன்னடத்தில் கணக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் நான் ஒண்ணும் புதுசா எழுதல. எதுலயும் கை வைக்கல. போறேன், வரேன்." அவள் கார்லைப் பார்த்தாள். "நீங்க காலைல வந்து சொல்வீங்கல்ல? ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்த சிஸ்டர் நின்னுக்கிட்டே தூங்கினதை. ட்ரெஸ்ஸிங் ரூம்ல அழற பொண்ணுங்களைப் பத்தி. அவங்களுக்கு மெயில் அனுப்பறவ வேண்டாம். ஷிஃப்ட்ட மாத்திக் குடுக்கறவ வேணும். அந்த மாதிரி ஒரு வேலைக்கு ஆள் கேட்டிருந்தாங்க. அப்ளிகேஷன் போட்டேன்."

"எங்க?"

"உங்க ஆஸ்பத்திரியிலதான்."

கார்ல் தலையைத் தூக்கினான்.

"நர்சுங்களோட நலன் பாக்கறதுக்கு. உங்ககிட்ட சொன்னா மேட்ரன்கிட்ட போய், என் பொண்டாட்டின்னு நிப்பீங்க. நானே போய் வாங்கணும்னு இருந்தேன். கெடச்சா ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிட்டு வரலாம்."

கார்லின் முகம் போன போக்கை மரியராஜ் கவனித்தார். முதலில் அது மலர்ந்தது. பிறகு, விளக்கு எரியும்போதே மின்சாரம் குறைந்தாற்போல மங்கியது. உடனே சுதாரித்துக்கொண்டு எழுந்து, அவள் தலையில் கை வைத்து லேசாக ஆட்டினான்.

"பைத்தியம். கண்டிப்பா கெடைக்கும்."

ஜோவிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மரியராஜ் நைசாக நழுவிச் சமையலறைக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றினார். பிறகு அவளிடம் விஜயநகர் போனதையும், கண் ஆபரேஷனையும் ஒப்பித்தார்.

"ரெண்டு கண்ணுமா மாமா?" அழுத மூக்கோடு சிரித்தாள். "நான் இடது கண்ணுன்னு எழுதியிருந்தேன்."

சாப்பிட்டு முடித்ததும் அவளே ரெபேக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, வீட்ல இருக்கீங்களா? வரட்டா?" அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ஜேனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வண்டி சந்து முனையில் திரும்பும்வரை மரியராஜ் ஜன்னலில் நின்றார்.

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிய கார்ல், வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலில் மாட்டியவன் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"அப்பா, நான் தூக்கத்துல பேசறேன்ல? அது என்ன பாஷைன்னு நெனச்சீங்க?"

"மலையாளம்."

"ஜெர்மன்."

மரியராஜ் அவன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நைட் டியூட்டியில படிச்சுப் பரீட்சை எழுதினேன். பாஸ் ஆயிட்டேன். ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுத்துட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்." ஷூவின் உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தான். "அவ ஸ்கூட்டர்லயே உக்காந்திருக்கறது எனக்கும் தெரியும். மொட்டை மாடியில வாட்டர் டேங்க் பக்கத்துலேர்ந்து பாப்பேன். நான் போயிட்டா அவ அந்த வேலைய விட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கலாமேன்னு... அவளுக்காகத்தாம்ப்பா போட்டேன்."

அவளும் இவனுக்காகத்தான் போட்டிருந்தாள். ஒரே வண்டியில் போய் வருவதற்காக.

"நாளைக்கு இன்டர்வியூ முடியட்டும்" என்றான் கார்ல். "அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க."

"விட மாட்டேன்டா."

கார்ல் எழுந்து கேட் வரை போனான். அங்கிருந்து ஏதோ தோன்றித் திரும்பி வந்தான்.

"அப்பா, கையெடுத்துக் கும்புடறேன். இதைப் பூசைக்கு மட்டும் குடுத்துடாதீங்க."